பிள்ளை வெளிக்கிடுறாள்

இருங்கோ தம்பி, இருங்கோ. ஏன் அந்தரப்படுறியள்? பிள்ளை உள்ளை உடுத்து வெளிக்கிடுறாள். பொம்பிளைப் பிள்ளையள் வெளிக்கிடுறதெண்டால் தெரியும் தானே, அதுவும் தன்ரை சாமத்தியவீட்டுப் படமெடுப்புக்கு. இந்தக் கதிரையிலை இருங்கோ, ஃபானுக்குக் கீழை. கமராவை உந்த மேசையிலை வையுங்கோ, ஒருத்தரும் தொடமாட்டினம். தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். சீனி காணுமோ?

ஜஸ்ரின் எண்டு தானே பேர்? ஓம், பிள்ளையின்ரை தகப்பன் சொன்னவர். மற்ற ஆக்கள் மணற்காட்டுக்குப் போட்டினமே? பலகை அடிக்கவோ? அதுவும் சொன்னவர். மணல் கும்பிக்கு மேலை பலகை, பலகைக்கு மேலை என்ரை பிள்ளை வெள்ளை உடுப்போடை கால்விரல் நுனியிலை நிக்கவேணும், பின்னாலை கடல். அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலை பெரிய திரையிலை போட்டு முடிய, லைற்றை நூத்துப்போட்டு, பிள்ளையை உள்ளை கூட்டிக்கொண்டு வாறது. எனக்கு எல்லாம் பாடம் தம்பி. மாதக்கணக்கா இந்த வீட்டிலை வேறை கதை இல்லை.

வெயில் ஏறினால் வடிவா வராதோ? வரும் வரும். இப்பதானே வந்தனியள். வடை எடுங்கோ, சூடாயிருக்கு.

காலோ? உங்களுக்கு ஆர் சொன்னது? சுளுக்கு எண்டு சொன்னவரோ. ம். எப்பன் சுளுக்கு, ஊசி ஒண்டு போட்டால் நிப்பாள் எண்டு. அப்படியோ சொன்னவர்.

இல்லை தம்பி, அவரைப் பிழையா நினைக்காதேங்கோ. நீங்கள் நேற்றுக் கண்ட மனுசனை வைச்சு நினைக்கக்கூடாது. என்ரை பிள்ளை சாரு தவழ்ந்து திரியேக்கை சுவிசுக்குப் போனவர். அங்கை ஒரு ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவினவர், பிறகு மரக்கறி வெட்டினவர், இப்ப சமைக்கிறார். முந்தி ஒருக்கால் வந்து போனவர், அதுக்குப் பிறகு இப்பதான் வந்திருக்கிறார். பிள்ளை நடந்தது, பள்ளிக்கூடம் போனது, பல்லு விழுந்தது, எல்லாம் ரெலிபோனுக்குள்ளை பாத்தவர். அவள் பெரிசானதையும் நான் ரெலிபோனிலைதான் சொன்னனான். சமையலுக்கு நடுவிலை நிண்டு அழுதவராம். அதாலைதான் லீவு கிடைக்கும் வரைக்கும் சாமத்தியச் சடங்கைத் தள்ளி வைச்சது.

அந்த ரெஸ்ரோரண்ட் முதலாளிக்கு ஒரு மகள். அவளும் எங்கடை சாரு வயசு. அவள் ஆடுற இடத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கினம். பலே நடனம் எண்டு சொல்லுறது, நீங்களும் பாத்திருப்பியள். இவர் மண்டபத்துக்குப் பின்னாலை நிண்டு பாத்தவராம். பிள்ளையள் விரல் நுனியிலை எழும்பி நிக்க, நிலத்திலை கால் படாத மாதிரி இருந்ததாம். சனம் எல்லாம் எழும்பி நிண்டு கை தட்டினதாம். அண்டைக்கு எனக்கு எடுத்துச் சொல்லுறார், எங்கடை பிள்ளையும் சாமத்தியவீட்டுக்கு அப்படித்தான் வரவேணும், தோணியிலை வாறதும் தாமரைப் பூவுக்குள்ளாலை வாறதும் ஊரிலை எல்லாரும் செய்யினம், இதை ஒருத்தரும் செய்யேல்லை எண்டு. நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். சும்மா கதை எண்டு நினைச்சிட்டன்.

அடுத்த கிழமை, பிள்ளையின்ரை காலைக் கீறி அனுப்பு எண்டார். கலண்டர் தாளைக் கிழிச்சு நிலத்திலை போட்டு, அவளை ஏறி நிக்கவிட்டு, பென்சிலாலை சுத்திக் கீறிப் படம் எடுத்து அனுப்பினன். வளர்ற பிள்ளையின்ரை கால் தம்பி. அந்தத் தாள் அளவுக்கு வாங்கின சப்பாத்து வந்து சேரேக்கை கால் அந்த அளவிலையே நிக்குமே?

அந்தச் சப்பாத்தைக் கையிலை எடுத்துப் பாத்திருக்கிறியளே? வெளியிலை றோஸ் நிறத்திலை பட்டுத்துணி, றிபன், பாக்க அவ்வளவு வடிவு. முன்பக்கத்தை நான் விரலாலை தட்டிப் பாத்தன். கதவைத் தட்டின மாதிரிச் சத்தம். துணியையும் கடதாசியையும் பசை போட்டு ஒட்டி ஒட்டி இறுக்கி வைச்சிருக்கிறது. அந்தச் சின்னக் கூட்டுக்குள்ளை அஞ்சு விரலையும் திணிச்சு, உடம்புப் பாரம் முழுக்க அதுக்கு மேலை போடவேணும்.

என்ன தம்பி, மணியைப் பாக்கிறியள்? வருவாள். தலைக்குப் பூ வைக்கிறதெண்டால் நேரம் எடுக்கும் தானே.

நான் ஒண்டும் தெரியாமல் விடேல்லை. சாருவுக்குப் பரதம் பழக்கிற அருந்ததி ரீச்சரிட்டைச் சப்பாத்தைக் கொண்டுபோய்க் காட்டினனான். அவ அதை வாங்கிப் பாத்திட்டு, அக்கா, எனக்கு இதைப்பற்றித் தெரியாது, தெரியாததைப் பழக்கமாட்டன் எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டு, கொழும்பிலை பலே பழக்கிற தன்ரை சிநேகிதிக்கு அப்பவே போன் எடுத்தவ. அந்தப் பிள்ளை முதல் கேட்ட கேள்வி, எத்தினை வருசம் பழகியிருக்கிறா எண்டு. பழகவே இல்லை, இனித்தான் எண்டு ரீச்சர் சொன்னவ. 

பேந்து அந்தப் பிள்ளை ஆறுதலாச் சொன்னவ. முதல் மெல்லிய சப்பாத்தோடை வருசக்கணக்காப் பழகவேணுமாம். ஒற்றைக் காலிலை நிண்டு குதியைத் தூக்கித் தூக்கி இறக்கவேணும், கணுக்கால் அங்காலை இஞ்சாலை ஆடக்கூடாது. விரல், பாதம், முதுகு, வயிறு எல்லாத்துக்கும் பலம் வரவேணும். அதுக்குப் பிறகும் தெரிஞ்ச ஆக்கள் காலைப் பாத்து, இனிப் போடலாம் எண்டு சொன்னால்தான் போடுறது. சப்பாத்தும் ஆளை நேரை நிக்க வைச்சுத்தான் தெரிஞ்செடுக்கிறது. இந்த வயசிலை எலும்பு வளர்ற இடம் இன்னும் குருத்து மாதிரியாம். பாரத்தைப் பிழையாப் போட்டால் அந்த இடம்தான் போகும், வேண்டாம் அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் எண்டு சொன்னவ. முகம் தெரியாத பிள்ளை தம்பி. என்னைக் கும்பிட்டுக் கேட்டது.

சொன்னனான். சொல்லாமல் இருப்பனே? எல்லாத்தையும் அவருக்குச் சொன்னனான். அவர் சொல்லுறார், நான் என்ரை கண்ணாலை பாத்தனான், முதலாளியின்ரை மகளும் இவள் வயசுதான் எண்டு. அவள் எப்ப தொடக்கம் பழகுறாள் எண்டு கேளுங்கோ எண்டு சொன்னன். கேட்டாரோ தெரியாது. அவர் பாத்தது ஒரு பின்னேரம். அந்தப் பின்னேரத்துக்குப் பின்னாலை எத்தினை வருசம் கிடக்குது எண்டு அவருக்கு ஆர் சொல்லுறது?

சாருவும் கேக்கேல்லை. அவளுக்கு ஆசை. ரெலிபோனைச் சுவரிலை சாத்தி வைச்சு, அதைப் பாத்துப் பாத்து, தன்ரை அறை யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு சீமெந்து நிலத்திலை எழும்புவாள். அறைக்குள்ளை டொக்கு டொக்கு எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் கொப்பளம். அது உடைஞ்சு சப்பாத்துக்குள்ளை ஒட்டிக்கொள்ளும், கழட்டேக்கை தோலும் சேர்ந்து வரும். பஞ்சு வைச்சாள். பிறகு பெருவிரல் நகம் ரெண்டும் கறுத்துப்போச்சு. ஒண்டு கழண்டு விழுந்திட்டுது. எனக்குக் காட்டேல்லை, வீட்டுக்குள்ளையும் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரிஞ்சாள். குதியாலை நடக்கிறாளே, என்னடி எண்டு கேட்டால், சும்மா அம்மா எண்டுவாள். ஒருநாள் கிணத்தடியிலை கால் கழுவேக்கை கண்டிட்டன். அது பன்ரெண்டு வயசுப் பிள்ளையின்ரை கால் இல்லைத் தம்பி. கல்லுடைக்கிற ஆளின்ரை கால்.

சப்பாத்தைப் பறிச்சு அலுமாரிக்கு மேலை போட்டன். ரெண்டு நாள் சாப்பிடேல்லை. பேந்து நான்தான் எடுத்துக் குடுத்தனான். ஏன் எண்டு கேக்கிறியளே?

உங்களுக்கு விளங்குமோ தெரியேல்லை. முந்தி அவர் எடுத்தால், சாரு வந்து, அப்பா சாப்பிட்டியளோ எண்டு கேப்பாள். அவர், பள்ளிக்கூடம் போனனியே எண்டு கேப்பார். அவ்வளவுதான், போனை என்னட்டைத் தந்திட்டுப் போடுவாள். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கதைக்க ஒண்டும் இல்லை. அவளுக்கு அவர் ரெலிபோனுக்குள்ளை இருக்கிற ஒராள். இந்தச் சப்பாத்து வந்த பிறகுதான் தம்பி, அவள் தானா எடுத்தாள். அப்பா இண்டைக்குக் கம்பியிலை ஒரு கை மட்டும் தான் பிடிச்சனான், அப்பா இண்டைக்குக் கையை விட்டிட்டு நிண்டனான், பாக்கிறியளோ எண்டு. அவர் அங்கை உடுப்பு மாத்திற அறைக்குள்ளை ஒளிச்சு நிண்டு பாப்பார். ரெண்டு பேரும் சிரிப்பினம். நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன். அந்தச் சிரிப்பை நான் எப்படிப் பறிக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ.

போன் அடிக்குது உங்கடை. ஆர், அவரோ? எடுங்கோ, எடுங்கோ. பிள்ளை வெளிக்கிடுறாள் எண்டு சொல்லுங்கோ. ஓம், இப்ப முடிஞ்சிடும் எண்டு சொல்லுங்கோ.

என்னவாம்? இன்னும் சுன்னாகத்திலையோ நிக்கிறார்? அந்த ஊசி போடுற ஆள் வரேல்லையாமோ. சரி. நல்லது. இல்லை, ஒண்டும் இல்லை, வரட்டும் எண்டு சொன்னன். உங்கடை தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை ஊத்தட்டே? வேண்டாமோ.

எங்கை விட்டன்? ஓம், அவர் வந்து இறங்கினது. பலாலி எயார்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தம். சாரு அவருக்குப் பக்கத்திலை இருந்து அவரின்ரை கையை விடவே இல்லை. புதன்கிழமை பின்னேரம், உடுப்பிட்டியிலை இருந்து அவரின்ரை அக்கா ஆக்களும் வந்திருக்க, ஒருக்கால் நேரை காட்டன் பிள்ளை எண்டு கேட்டவர். இந்த இடம்தான், நீங்கள் இருக்கிற இடத்துக்கு முன்னாலை. இது மாபிள் பாருங்கோ, வழுக்கும். அவள் எழும்பினாள். எல்லாரும் கை தட்டினவை. அந்தக் கை தட்டைக் கேட்டிட்டு இன்னும் ஒருக்கால் எழும்பினவள், கணுக்கால் வெளிப்பக்கமா மடங்கி, உடம்பு முழுக்க அதுக்கு மேலை. நான் தேத்தண்ணி கொண்டு வந்துகொண்டிருக்கிறன். சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை கத்தேல்லை. தகப்பனைப் பாத்துச் சிரிச்சவள். ஒண்டுமில்லை அப்பா, வழுக்கிப்போச்சு எண்டு. முகம் வெளிறிப்போய் நெற்றியெல்லாம் வேர்வை. அப்பவும் சிரிக்கிறாள்.

விடியக் கால் வீங்கிக் கண்டிப்போய்க் கிடந்தது. அப்பவும் அவர் எண்ணெய் பூசுவம், பாப்பம் எண்டு பின்னேரம் மட்டும் இழுத்தவர். கடைசியா நான் குளறினாப் பிறகுதான் நெல்லியடியிலை ஒரு டொக்டரிட்டைக் கொண்டு போனம். எக்ஸ்ரே எடுத்தினம். டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்திலை பிடிச்சுப் பேனையாலை காட்டினவர். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலை, எலும்பு வளர்ற இடம், அதிலை வெடிப்பு. இன்னும் விலகேல்லை, நல்ல காலம் எண்டார். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிளாஸ்ரர் போடுங்கோ, பிள்ளை காலை நிலத்திலை ஊண்டவே கூடாது, ஊண்டி அது விலகினால் ஒப்பரேசன், அதுக்குப் பிறகும் அந்தக் கால் கோணலா வளரலாம், கட்டையாயும் போகலாம் எண்டு சொன்னவர். பிள்ளைக்கு முன்னாலைதான் சொன்னவர்.

இவர் கேக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடியத் திங்கள் காலமை போட்டால் காணாதோ எண்டு. டொக்டருக்குக் கோவம் வந்திட்டுது. உங்களுக்கு விளங்கேல்லையோ ஐயா எண்டு கேட்டவர். இவர், விளங்குது, விளங்குது எண்டு தலையாட்டிப்போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாகனத்திலை ஏத்தினவர். வாகனம் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நேரை வீட்டுக்கு வந்திட்டுது.

ஓம் தம்பி. முறிஞ்ச கால் தான். சுளுக்கில்லை. நீங்கள் படம் எடுக்க வந்திருக்கிறது முறிஞ்ச காலை.

இருங்கோ, இன்னும் கேளுங்கோ. எழும்பாதேங்கோ. நேற்றுச் சாப்பிடேக்கை சொல்லுறார், சுன்னாகத்திலை ஒராளைத் தெரியும், விறைப்பூசி போடுவார், பல்லுப் புடுங்கப் போடுறது மாதிரி, காலுக்குப் போட்டால் ஒண்டும் தெரியாது எண்டு. பலகையிலை பத்துச் செக்கன் நிண்டால் காணும், மிச்சத்தை நீங்கள் கொம்பியூட்டரிலை செய்வியள் எண்டு. நான் கும்பிட்டனான். காலிலை விழுந்தனான். என்ரை பிள்ளையை நொண்டியாக்கிப் போடாதேங்கோ எண்டு கத்தினனான். அவர் சோத்துக் கையோடை இருந்து அழுறார். நான் இவ்வளவு காலம் அந்தக் குசினிக்குள்ளை கிடந்தது இந்த ஒரு நாளுக்குத்தான், எனக்கு இதைக் கூடத் தரமாட்டியே எண்டு கேக்கிறார். கெட்ட மனுசன் எண்டால் எனக்குச் சுகம் தம்பி. கெட்ட மனுசன் இல்லையே.

அவள் என்ன சொன்னவள் தெரியுமே? பத்துச் செக்கன் தானே அம்மா, நோகாது எண்டு அப்பா சொல்லுறார். நோகாமல் நிக்கிறதுதான் எனக்குப் பயம். நொந்தால் விழுந்திடுவாள், காலை எடுத்திடுவாள். விறைச்ச காலிலை, தகப்பன் பாத்துக்கொண்டு நிக்க, உள்ளை என்ன விலகுது, என்ன நொருங்குது எண்டு தெரியாமல் சிரிச்சுக்கொண்டு நிப்பாள். ஒருக்கால் சரிவரேல்லை எண்டால் நீங்கள் இன்னொருக்கால் எண்டு கேப்பியள். கேப்பியள் தானே? உங்கடை வேலை அது. அவள் திரும்பவும் எழும்புவாள்.

கொஞ்சம் பொறுங்கோ, என்ரை போன்.

ஓம் தம்பி சிவரூபன். சொல்லு. ஆ... உள்ளை எடுத்திட்டினமோ? ரீச்சர் பக்கத்திலை நிக்கிறாவோ? டொக்டர் படத்தைப் பாத்தவரோ? என்னவாம்? விலகேல்லையோ? விலகேல்லை எண்டு அவரே சொன்னவரோ? முருகா... பிளாஸ்ரர் போடத் தொடங்கீட்டினமோ. சரி, சரி, வை. நான் வாறன்.

இல்லைத் தம்பி, அழேல்லை. தண்ணி ஒருக்கால் குடிக்கவேணும்.

அந்தக் கதவைத் தட்டாதேங்கோ. உள்ளை ஒருத்தரும் இல்லை. அவர் சுன்னாகத்துக்கு வெளிக்கிட்ட கையோடை என்ரை தம்பி சிவரூபன் வான் கொண்டு வந்தவன். அருந்ததி ரீச்சரும் வந்தவ. நீங்கள் வந்து படலையைத் திறக்கேக்கை அவை யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கமாட்டினம். இப்ப யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை. நானும் போயிருக்கவேணும், தாய் தானே. போனால் நீங்கள் பூட்டின வீட்டைக் கண்டிட்டு அவருக்குப் போன் அடிச்சிருப்பியள். அவர் றோட்டிலை வைச்சே மறிச்சிருப்பார். அதாலைதான் உங்களை இருத்தி வைச்சுக் கதைச்சனான். கோவிக்காதேங்கோ.

உங்கடை ஆக்களுக்குச் சொல்லுங்கோ, அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லி. இவருக்கு நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், நான் எடுத்துச் சொல்லுறன். ஏசுவார். அழுவார். ஆஸ்பத்திரிக்கு வந்து பிளாஸ்ரரைக் கண்டால் இன்னும் அழுவார். அவரை நான் சமாளிப்பன்.

பிள்ளையைத்தான்... அவளுக்கு உண்மையைச் சொன்னால் வானிலை ஏறியிருக்கமாட்டாள் தம்பி. ஊசி போடத்தான் மாமா கூட்டிக்கொண்டு போறார், அப்பா அங்கை பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு சொல்லித்தான் ஏத்தினனான். வெள்ளை உடுப்பையும் போட்டுக்கொண்டு, சப்பாத்தை மடியிலை வைச்சுக்கொண்டு, எனக்குக் கை காட்டிப்போட்டுப் போனவள்.

இனி என்னோடை கதைக்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும், தகப்பன் மாதிரி, ஒண்டை மனசிலை வைச்சால் வருசக்கணக்கா வைச்சிருப்பாள். வைச்சிருக்கட்டும். ரெண்டு காலாலையும் நேரை நடந்து வந்து, என்ரை முகத்தைப் பாத்திட்டு, ஒரு சொல்லுக் கதைக்காமல் திரும்பி நடந்து போகட்டும்.